பெருவில் எடுத்த ஹேர்ஸ்ட்ரீக் படம்: புதுச் சிற்றினம் என்று எப்போது சொல்லலாம்?

ஜூன் 4 (வாசகர் கேள்வி)

அண்ணா, இந்தப் படத்தைப் பாருங்கள். பெருவில் சாஞ்சமாயோ பள்ளத்தாக்குக்கு மேலே, 1,400 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டத்து ஓரமாக எடுத்தது. கீழ்ப்பக்கம் சாம்பல், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு, பின்சிறகில் ஆரஞ்சுப் புள்ளி, இரண்டு வால். கையில் இருக்கிற எல்லாப் படப்புத்தகத்திலும் தேடிவிட்டேன், எதிலும் இல்லை. புதுச் சிற்றினம்தான் என்பது என் முடிவு. ஒரு கால் கிடைத்தால் டி.என்.ஏ. பார்த்து ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிடலாமே, இதற்கு ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறார்கள்?

ஜூன் 4, இரவு

புத்தகத்தில் இல்லை என்பதால் புதுசு ஆகிவிடாது. யூமேயினி என்ற இந்த ஹேர்ஸ்ட்ரீக் கூட்டத்தில் (பெரும்பாலும் பின்சிறகில் மெல்லிய வால் உள்ள சின்னப் பட்டாம்பூச்சிகள்), மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. கொலம்பியாவுக்கு மட்டும் 2021-இல் வந்த பட்டியலில் எல்லாப் பட்டாம்பூச்சியும் சேர்த்து 3,642 சிற்றினம். ஒரு படப்புத்தகம் இதில் எத்தனையைக் காட்டிவிடும்? காட்டினாலும் பெரும்பாலும் ஆண்தான் இருக்கும், அதுவும் ஊசி குத்திக் காய்ந்தது.

உங்கள் படத்தில் சிறகை மூடி உட்கார்ந்திருக்கிறது. மேல்பக்கம் தெரியவில்லை. ஆணா பெண்ணா? எத்தனை மணி? மேட்டு உச்சியா, சரிவா? பூவில் இருந்ததா, இலை நுனியில் காவல் இருந்ததா? இதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

ஜூன் 5

பதில் வந்தது: மதியம் 2 மணி வாக்கில், ரோட்டோரப் பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்ததாம். மேல்பக்கம் தெரிகிற மாதிரி இன்னொரு படம் ஹார்ட் டிஸ்க்கில் எங்கேயோ இருக்கிறதாம்.

தேடட்டும். ஆணா பெண்ணா என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் பல ஆண்களுக்கு மேல்பக்கம் கண்ணைப் பறிக்கும் நீலம். பெண்களுக்கு மங்கின நீலமோ வெறும் பழுப்போ. கீழ்ப்பக்கமும் கொஞ்சம் மாறும். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு வேறு பெயர் என்று வைத்துவிட்டு, பல காலம் கழித்து ஒன்றாகச் சேர்த்த கதை இங்கே ஏராளம். அதனால் "யாருக்கும் தெரியாத" பூச்சி ஒன்று வந்தால் என் முதல் சந்தேகம் எப்போதும் ஒன்றுதான்: தெரிந்த ஆணின் தெரியாத மனைவி.

இரண்டாவது சந்தேகம், 150 வருடத்துக்கு முன்னால் பெயர் வைத்து, அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத சிற்றினம். மூன்றாவது, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும் சாயல் வேறுபாடு. இந்த மூன்றையும் தாண்டி வந்தால்தான் "புதுசு" என்ற பேச்சையே எடுக்கலாம்.

ஜூன் 6

மூன்றாவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அது எப்படி பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும் என்று.

பெருவின் தலைநகர் லிமாவில் வேலை பார்த்த காலத்தில் நீண்ட விடுமுறை வந்தால் அந்தப் பக்கம் பஸ் ஏறிவிடுவேன். கிளம்புவது கடலோரப் பாலைவனத்தில். சில மணி நேரத்தில் டிக்லியோ கணவாய், 4,818 மீட்டர், தலை வலிக்கும், பக்கத்து சீட்டுக்காரர் கோகா இலையை நீட்டுவார். அப்புறம் லா ஒரோயா, தர்மா, அதற்கப்புறம் கிடுகிடு இறக்கம். மாலைக்குள் லா மெர்செத், 750 மீட்டர்தான், காது அடைத்துவிடும், ஜன்னலைத் திறந்தால் ஈரக் காற்று. ஒரே நாளில் இத்தனை ஏற்ற இறக்கம். 1,400 மீட்டரில் வாழ்ந்து பழகிய பூச்சிக்கு மேலே இருக்கிற குளிரும் ஆகாது, கீழே இருக்கிற வெக்கையும் ஆகாது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கிற சொந்தக்காரனை அது பார்க்கவே போவதில்லை. ஆயிரக்கணக்கான வருடம் இப்படிக் கழிந்தால் கோடு கொஞ்சம் நகரும், நீலம் கொஞ்சம் மாறும். எந்த அளவு மாறினால் வேறு சிற்றினம் என்பதில்தான் சண்டையே.

ஜூன் 8

இன்றைக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதுச் சிற்றினம் என்றதும் எல்லாருக்கும் மனதில் வருவது காடு, வலை, சேறு. நான் சொல்வது: ஹேர்ஸ்ட்ரீக் விஷயத்தில் புதுசு பெரும்பாலும் கிடைப்பது அருங்காட்சியக டிராயரில்தான். அங்கே ஏற்கெனவே வேறு ஒருவன் பெயரில் குத்தி வைக்கப்பட்டிருக்கும்.

நல்ல உதாரணம் மினிஸ்ட்ரிமோன் ஜேன்விக்ரோய். 2013-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ராபர்ட் ராபின்ஸும், வட அமெரிக்கப் பட்டாம்பூச்சிச் சங்கத்தை நிறுவிய ஜெஃப்ரி கிளாஸ்பெர்க்கும் கட்டுரை போட்டார்கள். ரொம்பச் சின்னப் பூச்சி. இதன் நெருங்கிய உறவான மினிஸ்ட்ரிமோன் அசியா என்பதை ஹ்யூவிட்சன் 1873-லேயே விவரித்துவிட்டார். அசியா, அமெரிக்காவிலிருந்து தெற்கு பிரேசில் வரை பரவலாகக் கிடைப்பது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தே பறக்கின்றன. கண்ணைப் பாருங்கள்: அசியாவுக்குக் கரும்பழுப்பு, மற்றதற்கு ஆலிவ் பச்சை. டெக்சாஸில் தொடங்கி கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே வரை வறண்ட காட்டிலும் புதர்க்காட்டிலும் இருக்கிறது. தனித்தனிப் பதிவாகக் குராசாவ் தீவிலும் வெனிசுவேலாவின் மார்கரித்தா தீவிலும் கிடைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய பரப்பில், ஆட்கள் கேமராவோடு அலைகிற டெக்சாஸ் உள்பட, 2013 வரை அதற்கு ஒரு பெயர் இல்லை.

ஜூன் 8, கொஞ்ச நேரம் கழித்து

"ஜேன்விக்ரோய் என்பது யாராவது ஆளின் பெயரா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அது கிளாஸ்பெர்க்கின் மனைவி பெயர்தான். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும், மனைவி பெயர் வைத்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்கும்.

ஜூன் 9

"அப்படியென்றால் காட்டுக்கே போக வேண்டாமா?" என்று ஒருவர். நேற்று எழுதியதை அப்படியும் படிக்கலாம்தான். டிராயரில் இருப்பதைக் கொண்டுவந்ததே யாரோ ஒருவர் காட்டில் அட்டைக்கடி வாங்கித்தான். நான் சொல்ல வருவது, கண்டுபிடிப்பு நடக்கிற நேரம் பிடித்த நேரம் இல்லை என்பது. பிடித்துக் குத்தி வைத்து, முப்பது நாற்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்த வரிசையைப் பார்த்து "இந்த நாலு பேர் மட்டும் ஏன் வேறு மாதிரி நிற்கிறார்கள்?" என்று கேட்கும்போதுதான் அது நடக்கிறது.

எழுத்தாளர் நபோகோவ் ஞாபகம் வருகிறது. ஹேர்ஸ்ட்ரீக் இல்லை, அதே குடும்பத்து நீலப் பூச்சிகள். 1940-களில் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, தென் அமெரிக்க மாதிரிகளின் வயிற்றை அறுத்துப் பிறப்புறுப்பை அளந்து, அவை ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாக ஐந்து அலையாக வந்திருக்க வேண்டும் என்று 1945-இல் எழுதினார். அப்போது பலர் கண்டுகொள்ளவில்லை. 2011-இல் டி.என்.ஏ. ஆய்வு அவர் சொன்ன வரிசையையே உறுதி செய்தது. டிராயரின் மகிமை.

ஜூன் 11

பழைய பெயர்களைப் பற்றி. இதுதான் வருடங்களைத் தின்கிற வேலை, கேள்வி கேட்ட தம்பி இதைத்தான் கணக்கில் எடுக்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கிராமர், சூரினாமிலிருந்து போன பூச்சிகளுக்குப் படம் போட்டுப் பெயர் வைத்தார். 1863-லிருந்து 1878 வரை ஆங்கிலேயரான வில்லியம் ஹ்யூவிட்சன் படம் படமாக வரைந்து தள்ளினார்; தானே வரைவார், தானே எழுதுவார், பணமும் அவர் பணம். அவர் இறந்த பிறகு தொகுப்பு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1907-இல் ஹாமில்டன் ட்ரூஸ் ஒரே கட்டுரையில் இன்னொரு கூட்டம். ஹ்யூவிட்சன், ட்ரூஸ் காலத்தில் பெரும்பாலும் எல்லாமே தெக்லா என்ற ஒரே பேரினத்தில். வால் இருந்தால் தெக்லா, அவ்வளவுதான்.

விவரிப்பு நாலைந்து வரி இருக்கும். "மேலே நீலம், ஓரம் கறுப்பு, கீழே சாம்பல்." இதற்கு இருபது சிற்றினம் பொருந்தும். எங்கே பிடித்தது என்று பார்த்தால் சீட்டில் "அமேசான்ஸ்" என்று மட்டும் இருக்கும், இந்தியாவை விடப் பெரிய காட்டுக்கு. இல்லாவிட்டால் "போகோதா", அதாவது போகோதா வியாபாரி மூலமாக வந்தது; பிடித்த இடம் எந்த மலையோ.

புதுசு என்று நீங்கள் நினைக்கிறதற்கு இந்தப் பழைய பெயர்களில் ஒன்று ஏற்கெனவே சொந்தமாக இருந்தால் உங்கள் பெயர் செல்லாது, முந்திய பெயர்தான் நிற்கும். அது சொந்தமா இல்லையா என்று அறிய அந்த மூல மாதிரியையே, அதாவது பெயர் வைத்தபோது அதற்கு அடையாளமாக வைத்த பூச்சியையே, பார்க்க வேண்டும். லண்டனில், பாரிஸில், பெர்லினில், ரியோவில். தேடிப்போனால் சில இடத்தில் வயிறு இல்லாத பூச்சி நிற்கும். யாரோ எப்போதோ இடித்திருப்பார்கள்.

ஜூன் 11, இரவு

ரியோ என்று எழுதிவிட்டு மனசு கேட்கவில்லை. 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. பூச்சித் தொகுப்பு ஏறக்குறைய முழுவதும் போனது. அங்கே இருந்த மூல மாதிரிகளுக்கு இனி படமும் பழைய கட்டுரையும்தான் சாட்சி.

ஜூன் 13

"இப்போது யாரும் நாலு வரியில் விவரிப்பதில்லையே, பிறகென்ன பிரச்சினை?" என்ற கேள்விக்கு.

1990-களில் எதிர்த் திசையில் போய்விட்டது. கர்ட் ஜான்சனும் உடன் வேலை செய்தவர்களும் தென் அமெரிக்க ஹேர்ஸ்ட்ரீக்குகளுக்கு நூற்றுக்கணக்கில் பெயர் சூட்டினார்கள், புதுப் பேரினங்களும் சேர்த்து. 2004-இல் வந்த நியோட்ராப்பிக்கல் (அமெரிக்க வெப்பமண்டல) பட்டியலில் ராபின்ஸ் அதில் பெரும் பங்கை ஒத்தபெயர், அதாவது ஏற்கெனவே பெயர் உள்ள சிற்றினத்துக்கே வைத்த இன்னொரு பெயர், என்று கீழே இறக்கிவிட்டார். கலிகோபிஸ் கூட்டத்தில்தான் அடி பலம். ஒரே இடத்தில் பிடித்த பூச்சிகளுக்குள் இருக்கிற சாதாரண வித்தியாசத்தையெல்லாம் சிற்றின வித்தியாசமாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல் என்பது விமர்சனம்.

இரண்டு பக்கமும் பேசலாம். ஜான்சன் விவரித்த எல்லாமே விழுந்துவிடவில்லை. ஆண்டிஸ் உயரத்துப் பேரினங்களில் அவர் வைத்த பெனைன்சிசாலியா இன்றும் நிற்கிறது. ஆனால் ஒரு பெயரை வைப்பது ஒரு மதிய நேர வேலை, அதை இறக்குவதற்கு இன்னொருவர் ஆயுளில் ஒரு பகுதி போகும். அதனால்தான் இப்போது வேலை செய்கிறவர்கள் பெயர் வைக்க இவ்வளவு தயங்குகிறார்கள். தம்பிக்கு இழுத்தடிப்பாகத் தெரிவது இந்தத் தயக்கம்தான்.

ஜூன் 14

பிறப்புறுப்பு பற்றிக் கேட்டுச் சிரிப்பு இமோஜி போட்டவர்களுக்கு, வேலை எப்படி என்று சொல்கிறேன்.

லிமாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தொகுப்பில் கைவேலைக்குப் போவேன். காய்ந்த பூச்சியின் வயிற்றை அடியில் மெல்ல மேல்நோக்கித் தட்டினால் சட்டென்று கழன்று விழும். அதைப் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சூடு காட்டுவோம். கொழுப்பும் தசையும் கரைந்து தண்ணீர் மஞ்சளாகும், கரையாத கடினப் பாகம் மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியின் கீழே வைத்து, மிக மெல்லிய தூரிகையால் செதிலைத் தள்ளித் தள்ளி எடுத்தால் கடைசியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பழுப்புக் கூடு. கிளிசரின் வைத்த குட்டிக் குப்பியில் போட்டு அதே பூச்சியின் ஊசியிலேயே கீழே குத்திவைக்க வேண்டும். குப்பி இடம் மாறினால் கதை முடிந்தது.

அந்தக் கூட்டைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் யூமேயினி என்று உடனே தெரிந்துவிடும். எலியட் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி 1973-இல் இந்தக் குடும்பத்தை ஒழுங்குபடுத்தியபோது, இவற்றின் ஆணுறுப்பு கிரேஹவுண்ட் நாய் வடிவத்தில் இருப்பதாக எழுதினார். முதலில் படித்தபோது ஆள் கற்பனை பண்ணுகிறார் என்று நினைத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால் நாயேதான், முதுகு வளைந்து நிற்கிறது.

பெண்ணுக்கும் இதே வேலைதான்; விந்தைச் சேர்த்து வைக்கும் பையும் அதற்குப் போகிற குழாயும் பார்ப்போம். குழாயின் முறுக்கும் பையின் உள்ளே இருக்கிற முள்ளும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். சில பேரினங்களில் மாறவே மாறாது. மாறாத இடத்தில் என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி.

ஜூன் 16

அந்தத் தலைவலிக்கு ஹேர்ஸ்ட்ரீக் தருகிற மருந்து, ஆணின் மணத்திட்டு. முன்சிறகின் மேல்பக்கத்தில், நடு அறைக்குப் பக்கத்தில், சாம்பலோ கறுப்போ ஒரு திட்டு இருக்கும். அங்கே இருக்கிற செதில்கள் வாசனை பரப்புபவை. பெண் தன் ஆளைக் கண்டுகொள்ள இது உதவுகிறது என்று எடுத்துக்கொண்டால், திட்டின் வடிவம் மாறுவது வெறும் அலங்காரமாக இருக்காது.

தெரேயுஸ் ஓப்பியா என்ற குழுவை ராபின்ஸ், எரேதியா, பஸ்பி மூவரும் 2015-இல் திருத்தி எழுதினார்கள். இரண்டு புதுச் சிற்றினம்: தெரேயுஸ் லோமாலார்கா, தெரேயுஸ் புரோக்கி. சுவாரசியம் என்னவென்றால் அந்தப் புது இரண்டுக்கும்தான் மணத்திட்டு கிடையாது. உறவுமுறை மரம் போட்டுப் பார்த்தால், திட்டு இரண்டு தடவை தனித்தனியாக மறைந்திருக்கிறது, ஒரு தடவை கூடத் திரும்பி முளைக்கவில்லை. ஆர்காஸ் என்ற பச்சைப் பளபளப்புப் பேரினத்தைப் பற்றி 2012-இல் வந்த கட்டுரையும் இதே திசையில்தான்: நெருங்கிய உறவு பக்கத்தில் இல்லாத இடத்தில் வாழ்கிற கூட்டத்தில்தான் இந்த உறுப்புகள் தொலைகின்றன. குழப்பிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அடையாளச் சீட்டு எதற்கு?

இது "எவ்வளவு வித்தியாசம் போதும்" என்ற கேள்விக்கு ஒரு காரணத்தோடு பதில் சொல்கிறது. ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருப்பதை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். ஒரே மலையில், ஒரே மாதத்தில், ஒன்றுக்குத் திட்டு இருந்து இன்னொன்றுக்கு இல்லை என்றால் நிமிர்ந்து உட்காருவேன்.

ஜூன் 17

நீல நிறத்தை நம்பி வாதம் பண்ணாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நீலம் சாயம் இல்லை. செதிலின் உள்ளே இருக்கிற நுண்ணிய அடுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருகிறது. கோணம் மாறினால் சாயலும் மாறும், ஈரம் பட்டாலும் மாறும். பிரேசிலின் சயனோஃப்ரிஸ் ரேமுஸ் பூச்சியை 2006-இல் இயற்பியல்காரர்கள் ஆராய்ந்தார்கள்: மேலே உலோக நீலம், கீழே மங்கின பட்டாணிப் பச்சை, இரண்டுமே சாயம் இல்லாமல் வேறு வேறு அடுக்கமைப்பால் வருவது. ஆகவே "என் படத்தில் ஊதாவாகத் தெரிகிறது" என்பதற்கு மதிப்பில்லை. கேமரா எங்கே நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது.

ஜூன் 19

இப்போது டி.என்.ஏ. எல்லாரும் எடுக்கிற துண்டு மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து 658 எழுத்து. எடுப்பது சுலபம்தான், தம்பி சொல்கிற ஒரு வாரமே போதும். எதோடு ஒப்பிடுவது? ஒப்பிட வேண்டிய பெயர் 1870-இல் வைத்தது, அதன் மூல மாதிரிக்கு யாரும் வரிசை எடுக்கவில்லை என்றால், உங்கள் கையில் இருப்பது எழுத்துகள்தான். அதற்குப் பெயர் கிடையாது.

இன்னொன்று. மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியில் மட்டும் வருவது. எப்போதோ நடந்த ஒரு கலப்பில் பக்கத்துச் சிற்றினத்துக்குத் தாவிவிடும். கலிகோபிஸ் செக்ராப்ஸ், கலிகோபிஸ் ஐசோபியான் இரண்டுக்கும் 2016-இல் முழு மரபணுத் தொகுதியும் எடுத்தபோது, உட்கரு ஒரு கதை சொன்னது, மைட்டோகாண்ட்ரியா வேறு கதை சொன்னது. 658 எழுத்தை மட்டும் நம்பினால் இரண்டாவது கதைதான் நமக்குத் தெரியும்.

ஜூன் 20

நேற்று எழுதியது கொஞ்சம் கறாராக இருக்கிறது. டாலஸில் பட்டாம்பூச்சி மரபணு ஆராயும் கிரிஷின் குழு, நூறு வருடத்துக்கு மேல் பழைய மூல மாதிரிகளின் ஒரே ஒரு காலிலிருந்து வரிசை எடுக்கிறார்கள். அதனால் ஹ்யூவிட்சன் பெயரும் இன்னும் சில வருடத்தில் எழுத்தோடு வரும். அந்த நாள் வந்தால் லண்டன் பயணம் பல பேருக்கு மிச்சம். மணத்திட்டையும் கிரேஹவுண்டையும் அப்போதும் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் எழுத்து வித்தியாசம் எவ்வளவு இருந்தால் போதும் என்று எழுத்தே சொல்லாது.

ஜூன் 22

பேச்சு புழுவுக்குப் போய்விட்டது, நானும் போகிறேன்.

தெரேயுஸ் ஓப்பியா குழுவில் வளர்த்துப் பார்த்த மூன்றும் புல்லுருவி தின்றன. கலிகோபிஸ் புழு தரையில் கிடக்கிற காய்ந்த இலையைத் தின்கிறது, பட்டாம்பூச்சி உலகத்தில் அபூர்வம். ஸ்ட்ரைமோன் மெகாருஸ் புழு அன்னாசியைத் துளைக்கிறது. பிரேசிலில் அன்னாசி விவசாயிக்கு அது பெரிய எதிரி. பல வருடம் தெக்லா பசிலிடெஸ் என்ற பெயரில் விவசாயக் கட்டுரைகளில் ஓடியது, பெயர் மாறியது தெரியாமல் இரண்டு பூச்சி இருப்பதாக நினைத்தவர்களும் உண்டு.

நம் ஊர் ஆட்களுக்கு ஒரு செய்தி: நம் மலைகளை மூடிக்கொண்டிருக்கிற உன்னிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதே செடி ஹவாயில் அட்டகாசம் பண்ணியபோது, 1902-இல் மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அதில் இரண்டு ஹேர்ஸ்ட்ரீக், மோலஸ் எக்கியானும் ஸ்ட்ரைமோன் பசோக்கியும். செடி ஒன்றும் ஒழியவில்லை. இங்கேயும் கொண்டுவரலாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், கைகூப்பிக் கேட்கிறேன்.

ஜூன் 23

வால் உடைந்த படம் ஒன்றைப் போட்டு "இதற்கு வாலே இல்லை, இதுவாவது புதுசா?" என்று கேட்டிருக்கிறார்கள். கடிபட்ட பூச்சி. பின்சிறகின் வாலும் புள்ளியும் சேர்ந்து தலை மாதிரித் தெரிவதால் எதிரி அங்கே கடிக்கிறான், இது தப்பித்துப் போகிறது. ராபின்ஸ் 1981-லேயே, இந்தப் பொய்த்தலை அமைப்பு முழுமையாக இருக்கிற சிற்றினங்களில் பின்பக்கக் கடிக்காயம் அதிகம் என்று காட்டினார். 2013-இல் சௌரகோவ், கலிகோபிஸ் செக்ராப்ஸையும் ஒரு குதிக்கும் சிலந்தியையும் ஒன்றாக விட்டுப் பார்த்தார். சிலந்தி பொய்த்தலையைத்தான் தாக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிழிந்திருந்தால் சிறகை மூடியிருந்தபோது வாங்கிய கடி. வால் இல்லாத சிற்றினம் என்றால் விளிம்பு ஒழுங்காக, ஓரச் செதிலோடு இருக்கும்.

ஜூன் 25

"விதிமுறை என்ன, யார் அனுமதி தருவது?" யாரும் தருவதில்லை, கமிட்டி ஓட்டுப் போடுவதெல்லாம் கிடையாது. விலங்கியல் பெயரிடல் சட்டத்தின்படி எழுதி வெளியிட்டால் பெயர் நிற்கும். வேறு சிற்றினத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும். 1999-க்குப் பிறகு என்றால் இதுதான் ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு அடையாளமான ஒரே மூல மாதிரி) என்று ஒரு பூச்சியைக் காட்டி, அது எந்தத் தொகுப்பில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். 2012-லிருந்து இணைய இதழில் மட்டும் வந்தாலும் செல்லும், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிந்திருந்தால். நான் இங்கே உட்கார்ந்து "தெக்லா தம்பியென்சிஸ்" என்று எழுதினால் அது அம்மணப் பெயர், விவரிப்பில்லாத வெறும் பெயர், யாரும் சீந்த மாட்டார்கள்.

படத்தை வைத்தே விவரிக்கலாமா? 2015-இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றை, மார்லேயிமையா சைலோகோப்பே, படத்தை மட்டும் வைத்து விவரித்தார்கள். சட்டம் தடுக்கவில்லை, ஆனால் உலகம் முழுக்கச் சண்டை. ஹேர்ஸ்ட்ரீக்கில் நான் அதை ஏற்க மாட்டேன். வயிற்றைப் பார்க்க முடியாத ஹோலோடைப்பை வைத்து என்ன செய்வது? மேலே ஜூன் 11-இல் புலம்பினேனே, வயிறு இல்லாத பூச்சி என்று. அதையே நாம் புதிதாக உண்டாக்கின மாதிரி ஆகும்.

அனுமதி வேண்டியது பிடிப்பதற்கு. பெருவில், பிரேசிலில் அனுமதி இல்லாமல் ஒரு கால் கூட வெளியே கொண்டுவர முடியாது. ஒரு நாட்டின் உயிரின வளத்தை மற்றவர்கள் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் நகோயா உடன்படிக்கை 2014-இல் அமலுக்கு வந்த பிறகு பிடி இன்னும் இறுகிவிட்டது. சுற்றுலா போனவர் ஒரு காலை டப்பாவில் போட்டுக்கொண்டு வருவது, தம்பி, விஞ்ஞானம் இல்லை, கடத்தல்.

ஜூன் 26

"மீனை வைத்து ஹேர்ஸ்ட்ரீக் பிடிக்கிறார்களாமே?" என்று கேட்டவருக்கு: உண்மைதான். ஈக்வடார் காடுகளில் அழுகின மீனைப் பொறியில் தொங்கவிடுகிறார்கள். உச்சியில் பறக்கிற, கண்ணிலேயே படாத ஹேர்ஸ்ட்ரீக் ஆண்கள் நாற்றத்துக்கு இறங்கி வருகின்றன. நெத்திலிக் கருவாடு வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்க எனக்கும் ஆசைதான், விமான நிலையத்தில் விட மாட்டார்கள்.

ஜூன் 29

இரண்டாவது படம் கிடைத்துவிட்டது. சிறகு பாதி திறந்திருக்கிறது. மேலே பழுப்பு, அடியில் மட்டும் கொஞ்சம் மங்கின சாம்பல் நீலம். முன்சிறகில் திட்டு எதுவும் இல்லை. அது மட்டும் போதாது, தெரேயுஸ் கதையில் பார்த்தோம், திட்டில்லாத ஆணும் உண்டு. அதனால் முன்னங்காலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யூமேயினி ஆணின் முன்னங்கால் பாதம் கணுக்கள் ஒட்டி, மழுங்கி முடியும். பெண்ணுக்குக் கணுக் கணுவாகப் பிரிந்து நுனியில் நகம் இருக்கும். படத்தில் நகம் தெரிகிறது.

பெண். பேரினம் எது என்று இரண்டு ஊகம் இருக்கிறது, கீழ்ப்பக்கக் கோட்டை வைத்து ஒன்றைக் கொஞ்சம் அதிகம் நம்புகிறேன், பெயரைச் சொல்லிக் கிளப்பிவிட விரும்பவில்லை. புதுசா இல்லையா என்பதற்கு இந்தப் படத்தில் பதில் கிடையாது. இதே சரிவில் ஓர் ஆண் வேண்டும். பூவில் தேடாமல், தோட்டத்துக்கு மேலே இருக்கிற மேட்டு உச்சியில் நிற்க வேண்டும், மதியத்துக்குப் பிறகு. பல சிற்றினங்களில் ஆண் தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொண்டுதான் இலை நுனியைக் காவல் காக்க வரும், காலையில் போனவருக்கு அது இல்லாத பூச்சி.

இரண்டு படத்தையும் இடம், உயரம், நேரத்தோடு லிமாவில் சான் மார்கோஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனுமதி வைத்திருக்கிறவர்கள் அவர்கள்தான், டிராயரும் அவர்களிடம்தான். அங்கே இப்போது மழை குறைவான மாதங்கள், செப்டம்பர் வரை ரோடு நன்றாக இருக்கும்.

ஜூலை 2

டிக்லியோ தாண்டும்போது தலைவலிக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், ஹேர்ஸ்ட்ரீக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முந்தின இரவு குறைவாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், பஸ் நிற்கும்போது இறங்கி ஓடாதீர்கள்.